ஊர் சொல்லி அழுதவள்

சிவஞானம் வாத்தியார் இறந்தபோது அவருடைய அக்கா கருப்பம்மா அழவில்லை. ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷம் அது. மேமலைத் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களில் வாத்தியாரின் சாவைவிட இதுதான் பெரிய பேச்சாக இருந்தது. யார் வீட்டில் இழவு விழுந்தாலும் முதல் ஆளாகக் கூப்பிடப்படுகிறவள் கருப்பம்மா. அவள் தலைமுடியை அவிழ்த்துப்போட்டு ஒப்பாரி எடுத்தால் கல்மனசுக்காரக் கணக்கப்பிள்ளைகூட ஒதுங்கிப்போய் மூக்கைச் சிந்துவார். அப்படிப்பட்டவள் கூடப்பிறந்த ஒரே தம்பியின் தலைமாட்டில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி சாவுக்கு ஒரு சொட்டுத் தண்ணி வரல பாரு" என்றார்கள். "ஊரான் வீட்டு எழவுக்குத்தான் தொண்டை தொறக்கும்போல" என்றார்கள். இழவு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வாயில் போட்டு மெல்ல எதுவாவது வேண்டும். அன்றைக்கு அவள் கிடைத்தாள்.

நானும் அங்கே இருந்தேன். என் பெயர் புஷ்பம். பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவரின் மனைவி. கட்டினவரின் பெயரைப் பெண்பிள்ளை வாயால் சொல்லக்கூடாது என்பார்கள். எழுதினால் குற்றமில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். வைரவநாதன். நல்ல மனுஷர். நாலு பேர் பார்க்கும்போது நல்லவராக இருப்பதில் இன்னும் கொஞ்சம் பிரியம் உள்ளவர்.

வாத்தியார் அடிக்கடி எங்கள் கடைக்கு வருவார். துணி வாங்க அல்ல, துணி சுற்றி வருகிற காகிதம் வாங்க. ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தால் போதும், நீவி மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார். லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததுபோக மிஞ்சின நேரமெல்லாம் அவருக்கு ஒரே வேலைதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவார். லுணுகலையோ பண்டாரவளையோ அப்புத்தளையோ, எந்தத் தோட்டத்தில் வயசான ஆள் இருந்தாலும் போய் எதிரில் குந்திக்கொள்வார். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், எந்தக் கங்காணி கூட்டிவந்தார், எந்தத் துறையில் படகேறினீர்கள், வழியில் யாரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டு எழுதாமல் எழுந்திருக்க மாட்டார்.

"எதுக்கு வாத்தியாரே இந்தப் பாடு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"துரைமாருகிட்ட தேயிலைக்குக் கணக்கு இருக்கும்மா. குதிரைக்குக்கூட இருக்கு. வந்த சனம் யாரு, எங்கேருந்து வந்துச்சுன்னு ஒருத்தருகிட்டயும் கணக்கு இல்ல. நாளைக்கு நம்ம பிள்ளைக கேட்டா என்னன்னு சொல்றது? செடியோட செடியா மொளைச்சோம்னா?"

இந்த வேலையில் அக்காவுக்கும் பங்கு உண்டு. எந்த லயத்தில் சாவு விழுந்தாலும் கருப்பம்மா ஒப்பாரிக்குப் புறப்படுமுன் தம்பியிடம் வருவாள். செத்தவரின் ஊர் எது, யாரோடு வந்தவர், வழியில் யாரைப் பறிகொடுத்தவர் என்று அவர் சொல்லுவார். அதை அப்படியே பாட்டாக்கிக்கொண்டு அவள் போவாள். செத்தவரின் பெண்டாட்டி பிள்ளைகளே அறியாத ஊர்ப்பெயர் அவள் வாயிலிருந்து வரும். நடுவீட்டில் கிடப்பது வெறும் கூலிப்பிணம் இல்லை, இன்ன ஊர் இன்னார் மகன் என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைக்கும்.

தோட்டத்து ஒப்பாரிக்கு ஒரு முறை இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே ஊரைச் சொல்ல வேண்டும். இன்ன ஊரில் பிறந்தவனே, இன்ன சாமி காவலில் வளர்ந்தவனே என்று கூப்பிட வேண்டும். கடல் தாண்டி வந்து செத்தவர்களின் உயிர் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் தன் ஊருக்கு வழி கண்டு போகும் என்று நம்பிக்கை. பதினாறாம் நாள் கருமாதி அன்று விளக்கு வைக்கும் வரைதான் அதற்கு நேரம். அதற்குப் பிறகு அழுதால் போன உயிர் திரும்பி வந்து வாசலில் நின்று தவிக்கும் என்று யாரும் அழமாட்டார்கள்.

இதெல்லாம் தெரிந்ததால்தான் அவள் சும்மா உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அழுதிரு கருப்பம்மா. நெஞ்சடைச்சுப் போயிரும்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்த ஊருன்னு சொல்லி அழுவேன் தாயி?"

எனக்குச் சுருக்கென்றது. தோட்டம் தோட்டமாகப் போய் ஊர் கேட்ட மனுஷனுக்குத் தன்னுடைய ஊர் தெரியாது. வருகிற வழியில், மாத்தளைக்கு இந்தப் பக்கம், வாந்திபேதியில் அப்பனும் ஆத்தாளும் ஒன்றாகப் போனார்கள். கூட்டிவந்த கங்காணியும் போய்விட்டார். மிச்சம் இருந்தவர்கள் திக்குக்கு ஒருவராகச் சிதறினார்கள். நாலு வயசுக் கருப்பம்மாவையும் பால்குடி மாறாத தம்பியையும் யாரோ ஒரு புண்ணியவதி மலைவரைக்கும் தூக்கிவந்து லயத்தில் விட்டாள். சிவஞானம் என்ற பெயர்கூடக் கோயில் பூசாரி வைத்ததுதான். கருப்பம்மாவுக்கு ஊரைப் பற்றி இருந்த ஞாபகமெல்லாம் ஒரு குளம். ஆத்தாள் இடுப்பில் உட்கார்ந்து ஒரு குளத்தைப் பார்த்தாளாம். குளம் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது?

ஊர் தெரியாதவனுக்கு யாரும் பெண்ணும் கொடுக்கவில்லை. அக்காவும் தம்பியுமாகவே லயத்தில் ஒற்றை அறைக் காம்பிராவில் வாழ்ந்து முடித்தார்கள். தலை நரைக்கும்வரை அவர் மற்றவர்களின் ஊர்களை எழுதினதெல்லாம், எங்கேயாவது ஒருவர் "அட, எங்க ஊர்லேருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ரெண்டு பிள்ளைகளோட போனாங்களே" என்று சொல்லிவிட மாட்டாரா என்றுதான். அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கு அப்படித்தான் படுகிறது. கடைசியில் அப்புத்தளைப் பக்கம் ஒரு கிழவனைப் பார்க்கப் போய், ஐப்பசி மழையில் நனைந்து திரும்பி, சளிக்காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து வண்டியில் திரும்பும்போதே என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

"எப்பேர்ப்பட்ட மனுஷன்! அப்படியே மண்ணைத் தள்ளிட்டு வந்துட்டோமே. கருமாதி அன்னிக்குத் தோட்டத்துலயே பெரிய கூட்டம் போடணும் புஷ்பம். பாட்டு, கூத்து, கோலாட்டம் எல்லாம் வச்சு அமர்க்களப்படுத்திரணும்."

"கருமாதிக்கு அமர்க்களமா?"

"அஞ்சலிடி" என்றார் பெரிய குரலில். மாடு இரண்டும் மிரண்டன.

குறை சொல்லக்கூடாது, அலையாய் அலைந்தார். கருமாதி ஞாயிற்றுக்கிழமை விழுந்ததால் துரையும் சரி என்றுவிட்டார். கூத்துக்கு வீரய்யாவைப் பிடித்தார். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குத் தப்படிக்கிற வீரய்யாதான் அந்தத் தோட்டத்தில் கூத்துப் பழக்குகிறவர். காமன் கூத்தில் ரதி அழுகிற இடத்தை ஆடச் சொன்னார் இவர். வீரய்யா காதைப் பொத்திக்கொண்டார்.

"மாசி மாசம் கம்பம் நட்டு, காமனை எரிச்சு, மூணாம் நாளு எழுப்பி விடணும் மொதலாளி. அழுகைய மட்டும் பிச்சு எடுத்து ஆடினா தோட்டத்துக்கே ஆகாது. வாத்தியாரு இருந்திருந்தா என்னை ஓட ஓட வெரட்டுவாரு."

கடைசியில் அருச்சுனன் தபசு என்று முடிவாயிற்று. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் கோலாட்டம். டவுனிலிருந்து பஜனைக் கோஷ்டி. எல்லாவற்றுக்கும் மகுடமாக இரங்கற்பா. அதைப் பாட எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த தம்பையா உபாத்தியாயரைக் கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், இலக்கணம் பிசகாத மனுஷர். இரண்டு நாளில் பாட்டோடு கடைக்கு வந்தார்.

"முதலாளி, எல்லாம் சரி. முதலடியிலை ஊர் வரவேணும், அதுதான் முறை. இடம் விட்டு வைச்சிருக்கிறன். அவர் எந்த ஊர்?"

என் வீட்டுக்காரர் முழங்கோலை மேசையில் தட்டிக்கொண்டே கூரையைப் பார்த்தார்.

"ஆவரங்குளம்னு போடுங்க" என்றார். "சிவகங்கைச் சீமை."

ஆவரங்குளம் எங்கள் ஊர். அவரும் நானும் பிறந்த ஊர்.

உபாத்தியாயர் தெருவில் இறங்குகிறவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு இவரைப் பிடித்துக்கொண்டேன். "என்ன காரியம் பண்றீங்க? அவரு ஊரு யாருக்கும் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஊரு பேரு இல்லாத அநாதைன்னு அச்சுல போடச் சொல்றியா? அவரு மானத்தைக் காப்பாத்தத்தான் போட்டேன். நம்ம ஊருக்கும் ஒரு பெரிய மனுஷன் கெடைச்ச மாதிரி ஆச்சு."

"அவரு இருந்தா ஒத்துக்குவாரா?"

"அவரு இருந்தா எதுக்குடி இரங்கற்பா?"

இந்த மனுஷரிடம் பேசி ஜெயித்தவர் யார்? பாட்டு கண்டிக்கு அச்சுக்குப் போயிற்று. கறுப்புக் கரை போட்ட தாள்களாகப் பண்டாரவளைக்கு ரயிலிலும் அங்கிருந்து வண்டியிலும் வந்து சேர்ந்தது. தோட்டத்தில் யார் இதையெல்லாம் வாசிக்கப் போகிறார்கள் என்று அவர் நினைத்தார். அதையே நினைத்து நானும் மனசை ஆற்றிக்கொண்டேன்.

கருமாதி அன்று மத்தியானம் மழை விட்டிருந்தது. மாரியம்மன் கோயில் முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வாத்தியாருக்குப் படம் கிடையாது. அவர் உட்கார்ந்து பாடம் சொன்ன நாற்காலியை நடுவில் வைத்து, அதன்மேல் அவருடைய தலைப்பாகையை வைத்து மாலை போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சனம் வந்தபடியே இருந்தது. வாத்தியாரிடம் தன் ஊரைச் சொல்லி எழுதவைத்தவர்கள், அவரிடம் கேட்டுத் தன் அப்பனின் ஊரைத் தெரிந்துகொண்டவர்கள். கம்பளியைத் தலையில் போட்டபடி சேற்றிலேயே குந்திக்கொண்டார்கள். எனக்கும் கடைக்காரர்களுக்கும் மட்டும் பாய் விரித்திருந்தது. எனக்கு அது கூச்சமாக இருந்தது.

கோலாட்டப் பிள்ளைகள் பாதியில் அடி தவறி, வாத்தியார் நாற்காலியைப் பார்த்து, விம்ம ஆரம்பித்துவிட்டார்கள். பஜனைக் கோஷ்டி அதைச் சமாளித்தது. அருச்சுனனாக வந்த வீரய்யா தபசு மரத்தில் பாதி ஏறி நின்று, வசனத்தை விட்டுவிட்டு, "வாத்தியாரே, இந்த எடத்துல என்ன சொல்லணும், எடுத்துக் குடுக்க ஆளில்லாமப் பண்ணிட்டீங்களே" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சனம் இரண்டையும் செய்தது. கருப்பம்மா பெண்களுக்குப் பின்னால் கோயில் சுவரில் சாய்ந்திருந்தாள். அப்போதும் அவள் கண்ணில் ஈரம் இல்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு மிச்சமிருந்த நேரம் அவ்வளவுதான் என்று அங்கிருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அடிக்கடி திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

கடைசியாகத் தம்பையா உபாத்தியாயர் எழுந்து இரங்கற்பாவைப் பாடினார். நல்ல பாட்டுத்தான். ஆனால் செந்தமிழ் ஒருவருக்கும் விளங்கவில்லை. அதை அவரும் கண்டுகொண்டார். கருத்தைச் சொல்கிறேன் என்று தாளை இறக்கிவிட்டு, "சிவகங்கைச் சீமையிலை ஆவரங்குளம் எண்ட ஊரிலை பிறந்த எங்கடை சிவஞானம்..." என்று தொடங்கினார்.

"சாமி!"

சுவரோரம் கருப்பம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"என்ன ஊரு சொன்னீங்க சாமி?"

"ஆவரங்குளம், அம்மா."

"இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னார். அவள் சனங்களை விலக்கிக்கொண்டு நடந்து வந்தாள். "குளம்!" என்றாள். "குளம் இருந்துச்சுன்னு சொன்னேனே! நான் சொல்லல? எங்க ஊர்ல குளம் இருந்துச்சுன்னு சொல்லல நான்?" பார்த்தவர்களையெல்லாம் கேட்டாள். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். நான் பந்தலின் அந்தப் பக்கம் இருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. எழுந்து ஏதோ சொல்லப்போவதுபோல் துண்டைத் தோளில் சரிசெய்தார். அதற்குள் அவள் நாற்காலிக்கு முன் விழுந்து முடியை அவிழ்த்துவிட்டாள்.

ஆவரங்குளத்து மண்ணுல
ஆத்தா மடியில பொறந்தவனே
படகேறி வந்தபோது
பாதிப்பாலு குடிச்சவனே
மாத்தளை ரோட்டோரம்
மகராசி சாஞ்சபோது
மாருல பால் தேடி
மண்ணைத் தின்னு அழுதவனே
ஊரூரா நீ நடந்து
ஊரார் ஊரக் கேட்டியே
உன் ஊரு வந்த நேரம்
ஒறங்கிப் போனியே

எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான். அவள் விளக்கு வைக்கும்வரை அழுதாள். அத்தனை நாள் அடைத்துக் கிடந்தது எல்லாம் வந்தது. தம்பியைத் தூக்கிச் சுமந்தது, முதல் முதலாக அவர் மண்ணில் எழுத்துப் போட்டுக் காட்டினது, பெண் கேட்டுப் போன வீடுகளில் திண்டாடினது. ஒவ்வொன்றுக்கும் ஆவரங்குளத்தை இழுத்தாள். ஆவரங்குளத்து ராசா, ஆவரங்குளத்து வெளக்கு. வீரய்யா யாரும் சொல்லாமலே தப்பை எடுத்து மெல்லத் தட்டினார். அந்தக் கூட்டத்தில் அழாதவர் இல்லை. உபாத்தியாயர் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் சின்னப்பிள்ளை மாதிரித் தேம்பினார். நானும் அழுதேன். எங்கள் ஊர்ப்பெயரை அப்படி ஒருத்தி கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

கோயிலில் விளக்கு வைத்ததும் பெண்கள் அவளைத் தூக்கி நிறுத்தி முகம் கழுவிவிட்டார்கள். "ஊரு கெடச்சிருச்சே ஆத்தா, ஊரு கெடச்சிருச்சே" என்று ஆளாளுக்குக் கட்டிக்கொண்டார்கள். அவள் முகம் தெளிந்திருந்தது.

வீரய்யா எங்கள் வண்டியருகே வந்தார். "ஆவரங்குளம் உங்க ஊருதானேங்க மொதலாளி? அப்ப வாத்தியாரு உங்க ஆளுங்களா? இம்புட்டு நாளும் ஒரு வார்த்தை சொல்லலியே!"

"ஊருன்னா பல தெரு இருக்கும் வீரய்யா" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் வண்டியில் ஏறிக்கொண்டார்.

பாதி வழியில் அவரே, "அந்தப் பொம்பளை நெஞ்சாற அழுதா. பார்த்தேல்ல? அதுல யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றார். என்னைக் கேட்டாரா தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. எனக்கும் அப்போது அது சரி என்றுதான் பட்டது. பொய்யோ மெய்யோ, ஒரு சுமை இறங்கியிருக்கிறது. கிளறி என்ன ஆகப்போகிறது?

மறுநாள் காலையில் கடை திறந்து சாமிக்குப் பத்தி கொளுத்தும்போதே கருப்பம்மா வாசலில் நின்றாள். விடியுமுன் தோட்டத்திலிருந்து நடக்கத் தொடங்கியிருப்பாள். புடவையின் கீழ்க்கரை முழுக்கச் சேறு. முந்தானையில் எதையோ முடிந்து நெஞ்சோடு பிடித்திருந்தாள். உள்ளே வரச்சொன்னேன், வரவில்லை.

"நீங்க ஊருக்குப் போவீங்கள்ல மொதலாளி, தை மாசம்? இது தம்பி குழியில எடுத்த மண்ணு." முடிச்சைத் தொட்டுக் காட்டினாள். "நான் எங்க போகப்போறேன் இனிமே? இத நம்ம குளத்துல கரைச்சு விட்டுருங்க. அது போதும்."

நம்ம குளம் என்றாள். என் வீட்டுக்காரர், "அதுக்கென்ன கருப்பம்மா, கொண்டுபோறேன்" என்று கையை நீட்டிவிட்டார்.

அவள் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள். "ஆமா மொதலாளி, யாரு யாரு சொன்னாங்க?"

"என்னது?"

"ஊர. எத்தனையோ பேரு தம்பிகிட்ட வந்து சொல்லியிருக்காங்க, அந்த ஊரா இருக்கும், இந்த ஊரா இருக்கும்னு. ஒருத்தரு சொன்னா எழுத மாட்டான். அவரை அறியாத இன்னொருத்தரு, வேற தோட்டத்துல இருந்து, அதையே சொல்லணும். அப்பத்தான் எழுதுவான். உங்ககிட்டச் சொன்ன ரெண்டு பேரு யாரு? எங்க அப்பன் ஆத்தாளப் பார்த்தவங்களா? உசுரோட இருக்காங்களா? நடந்தே போய்ப் பாத்துட்டு வந்துருவேன்."

நீட்டின கை அந்தரத்திலேயே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். இரண்டு கிழவர்களின் பெயரைச் சொல்லி, செத்துவிட்டார்கள் என்று ஒரே போடாகப் போட்டிருக்கலாம். வியாபாரிக்கு அது பெரிய காரியமில்லை. ஒருவேளை மனசாட்சி உறுத்தியிருக்கும். ஒருவேளை, 'உங்க ஆளுங்களா' என்று வீரய்யா கேட்டது உறுத்தியிருக்கும். எது முந்தியது என்று நான் அவரை இன்றுவரை கேட்கவில்லை.

"யாரும் சொல்லல கருப்பம்மா" என்றார். "அது எங்க ஊரு. பாட்டுல ஊரு இல்லாட்டி நல்லா இருக்காதுன்னு நாந்தான் போடச் சொன்னேன். உங்க ஊரு எதுன்னு எனக்குத் தெரியாது."

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அவிழ்த்த முடிச்சை மறுபடி போட்டாள். முடிச்சு விழவே இல்லை. நான் போய்ப் போட்டுக் கொடுத்தேன்.

"அப்ப நேத்து நான் அழுதது?" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. "அக்கா" என்றேன். அதுவரை நான் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. "அந்த மண்ணை எங்கிட்டக் குடுங்க. நானே கொண்டுபோய் எங்க குளத்துல கரைக்கிறேன். எங்க ஊரா இருந்தா என்ன? அவரு எனக்கும் அண்ணன்தான். அங்கேயே இருக்கட்டும்."

"நல்ல மனசு தாயி ஒனக்கு" என்றாள். "ஆனா வேணாம். தெரியாத எடத்துல, தெரியாத சனத்துக்கு நடுவுல போயி எதுக்கு நிக்கணும் அவன்? நேத்து நான் கூப்பிட்டதுக்கே அங்க போயி நிக்கிறானோ என்னமோ. யாருடா நீன்னு கேட்டா என்ன சொல்லுவான் பாவி?"

கடைக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

"ஊரு தெரியாதவனேன்னு சொல்லி அழுதிருக்கணும் தாயி. அதுதான் நெசம். அவன் நெசத்தத்தான எழுதுவான்? அதச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா இங்கயாச்சும் எங்கூட இருந்திருப்பான். அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் வாய மூடிக் கெடந்தேன். அம்புட்டு நாளு இருந்துச்சு எனக்கு. இப்பச் சொல்லி அழலாம்னா கருமாதி முடிஞ்சு போச்சே."

காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். பெரட்டுக்குப் போகாததற்கு அரைப்பேர், அரைநாள் கூலிதான் போடுவார்கள், மத்தியானக் கொழுந்து பறிக்கவாவது போய்ச் சேரவேண்டும் என்றாள். படியிறங்கினதும் அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தம் வெளியே வந்துவிடக்கூடாது என்று முந்தானையின் மறுநுனியைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அப்படியே லுணுகலைப் பாதையில் நடந்து போனாள்.